மேலரத வீதி வீட்டுக் குழு: சனிக்கிழமை காலையில் இரண்டு விசேஷம்

ஞாயிறு, 1 மார்ச் 2026

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். திருக்கடையூர் குருக்களிடம் பேசிவிட்டேன். அப்பாவின் சதாபிஷேகம் 14ஆம் தேதி சனிக்கிழமை. முகூர்த்தம் காலை 6.30 முதல் 8 வரை. வெள்ளிக்கிழமை காலை வேன் புறப்படும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லவும். சமையல்காரர் தலை எண்ணிக்கை கேட்கிறார்.

அம்மா: நாங்கள் 4 பேர்.

சித்தி: நாங்கள் 3. பெரியவளுக்குப் பரீட்சை, அவள் வருவது சந்தேகம்.

மதுரை சின்னாச்சி: சிவ சிவ. கட்டாயம் வருவேன். முட்டி வலி இருக்கிறது, முன் சீட் வேண்டும்.

பெரியப்பா: டல்லாஸ் என்ன ஆச்சு? டிக்கெட் போட்டாச்சா? மகளும் மருமகனும் பேரனும் இல்லாமல் கலசத் தண்ணீர் ஊற்ற முடியாது.

அத்தை: அண்ணாச்சி, ஒரு விஷயம் இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அம்மா: யாருக்காவது உடம்பு சரியில்லையா?

அத்தை: அய்யோ இல்லை மதினி. நல்ல விஷயம்தான்.

டல்லாஸ் மாமா: அத்தான், விவரமாகச் சொல்கிறேன். நம் குட்டி ஓடுகிற கல்லூரி டீம் பிப்ரவரியில் டிஸ்டன்ஸ் மெட்லி என்ற ரிலேயில், அதாவது நாலு பேர் ஆளுக்கொரு தூரம் ஓடுகிற தொடர் ஓட்டத்தில், நல்ல நேரம் ஓடியது. நாடு முழுக்க எல்லாக் கல்லூரிகளையும் நேரப்படி வரிசைப்படுத்துவார்கள். தேசிய இண்டோர், அதாவது உள்ளரங்க, சாம்பியன்ஷிப்புக்குத் தனி ஓட்டம் என்றால் முதல் 16 பேர், ரிலே என்றால் முதல் 12 டீம், அவ்வளவுதான் எடுப்பார்கள். தகுதிக்காக இவர்கள் ஓட வேண்டியதெல்லாம் ஓடி முடித்தாயிற்று. இவர்கள் டீம் 13ஆவது இடத்தில் நிற்கிறது. முன்னால் இருக்கிற ஏதாவது ஒரு டீம் விலகினால் இவர்கள் உள்ளே போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி பட்டியல் வரும் என்று கோச் சொல்லியிருக்கிறார். போட்டி 13, 14 தேதிகளில், ஆர்கன்சாஸ் மாநிலம் ஃபயட்வில் ஊரில்.

பெரியப்பா: 14ஆம் தேதியா?

டல்லாஸ் மாமா: ஆமாம் அத்தான்.

பெரியப்பா: ஆக, வருகிறீர்களா இல்லையா?

பெரியம்மா: அவர் கோபமாகக் கேட்கவில்லை மாப்பிள்ளை, எண்ணிக்கைக்காகத்தான் கேட்கிறார்.

பெரியப்பா: கோபமாகத்தான் கேட்கிறேன்.

சித்தப்பா: நாலு பேரில் குட்டி எந்தத் தூரம்?

டல்லாஸ் மாமா: 400 மீட்டர், தம்பி. இரண்டாவது ஆள்.

சித்தப்பா: 1200, 400, 800, 1600. கஷ்டமான இடம்.

ஆச்சி: [குரல் செய்தி 0:38]

நான்: ஆச்சி கேட்கிறாள்: நாலு பேரில் இவன் ஓடுவது எவ்வளவு தூரம்? கீழே விழுவானா?

டல்லாஸ் மாமா: அத்தை, மொத்தம் 4000 மீட்டர். உள்ளரங்கத்தில் ஒரு சுற்றே 200 மீட்டர்தான். அதனால் மொத்தம் 20 சுற்று, அதில் குட்டிக்கு 2 சுற்று. சின்ன வட்டம் என்பதால் வளைவுகளை வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வேகமாக வருகிறவன் வெளியே தள்ளப்படாமல் இருக்க அது உதவும். நம் ஊர் மைதானத்து 400 மீட்டர் போல ஆளுக்கொரு லேன் இதில் கிடையாது. 1200 ஓடியவன் மூச்சிரைக்கக் குச்சியோடு வருவான், 12 பேரும் ஒரே இடத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், முழங்கை இடிக்கும். வாங்கியவுடன் உள்பக்கம் இடம் பிடிக்க வேண்டும்.

ஆச்சி: [குரல் செய்தி 0:12]

நான்: “இரண்டு சுற்றுக்கா இந்தப் பாடு? நம் கோயில் பிராகாரத்தையே நான் மூன்று சுற்று சுற்றுவேன்” என்கிறாள்.

சித்தப்பா: ஆச்சி பேரன்தானே, அதுதான் ஓடுகிறான்.

சித்தி: தாத்தா மகனும் ஓடினார். அதை யாரும் சொல்வதில்லை.

பெரியம்மா: இப்போது எதற்கு அது?

சித்தி: 2002இல் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு டிக்கெட் எடுத்துப் பெட்டி கட்டின பிறகு, கல்யாண வேலைக்கு ஆள் இல்லை என்று நிறுத்தினீர்கள். ஓடுவதற்கு வாங்கின அந்த ஸ்பைக்ஸ் ஷூ இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்து வைக்கிறார்.

சித்தப்பா: இச்செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: விடு.

பெரியப்பா: பந்தலுக்கு ஆள் இல்லை, சமையலுக்கு ஆள் இல்லை. அப்பா சொன்னார், நான் தந்தி மாதிரி போய்ச் சொன்னேன். 24 வருஷமாக என் தலையிலேயே அந்தப் பழி.

அத்தை: அது என் கல்யாணம்தானே. வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவன் முகம் வாடியிருந்தது நினைவிருக்கிறது. போட்டிக்குப் போகாமல் நின்றான் என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

அம்மா: சரி சரி. குட்டி படிக்கிறானா ஒழுங்காக?

டல்லாஸ் மாமா: படிக்கிறான் மதினி. மார்க் குறைந்தால் டீமில் நிற்கவே முடியாது, அப்படி ஒரு விதி உண்டு.

மதுரை சின்னாச்சி: *முக்கிய அறிவிப்பு* செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். சாயங்காலம் கோயில் நடை சாத்துவார்கள். தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போடவும். 10 பேருக்கு அனுப்பவும்.

பெரியம்மா: சின்னாச்சி, மாசி மகத்துக்குக் குறுக்குத்துறை போகலாம் என்று இருந்தோமே.

மதுரை சின்னாச்சி: காலையிலேயே போய் வந்துவிடு.

சித்தி: கிரகணம் முடிந்துதான் சமைக்க வேண்டுமா?

அம்மா: 6.47க்கு முடிகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நிலா எழும்பும்போதே கிரகணத்தோடு எழும்புமாம். முடிந்ததும் குளித்துவிட்டு உலை வைக்கலாம்.

பெரியப்பா: கிரகணத்தை அப்புறம் பார்க்கலாம். மாப்பிள்ளை, இது மாவட்டப் போட்டி மாதிரியா? அடுத்த வருஷம் ஓடக் கூடாதா? அப்பாவுக்கு அடுத்த வருஷம் 80 வராது.

டல்லாஸ் மாமா: அத்தான், மாவட்டப் போட்டி என்று சொல்ல முடியாது. கல்லூரி இண்டோர் போட்டிகளில் இதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை. 1965இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. போட்டி நடக்கிற ஃபயட்வில் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் சொந்த ஊர். அந்த டீம் ஜான் மெக்டானல் என்ற அயர்லாந்துக்காரர் பயிற்சியில் 1984 முதல் 1995 வரை 12 வருஷம் தொடர்ந்து பட்டம் வாங்கியது. 1996இல்தான் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் அதை நிறுத்தியது. 2010இல் ஆஷ்டன் ஈட்டன் கல்லூரி மாணவனாக இதே அரங்கத்தில்தான் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் 6499 புள்ளி எடுத்து உலக சாதனை செய்தார். பிறகு ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம். அப்படிப்பட்ட தளத்தில் நம் வீட்டுப் பிள்ளை நிற்கப் போகிறான். அடுத்த வருஷம் என்று எதையும் நம்ப முடியாது. 2020இல் எல்லோரும் அல்புகர்க்கி ஊருக்கு வந்து இறங்கிய பிறகு, போட்டிக்கு முந்தின நாள் கொரோனாவால் ரத்து செய்தார்கள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அந்த இண்டோர் பருவம் அதோடு போயிற்று.

அம்மா: பாவம்.

பெரியப்பா: நம் ஆட்கள் யாராவது இதில் போயிருக்கிறார்களா?

சித்தப்பா: போயிருக்கிறார்கள். தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன். கன்சாஸ் ஸ்டேட்டில் படித்தான். உயரம் தாண்டுதலில் 2018, 2022 இரண்டு வருஷமும் வெளிமைதான தேசியப் பட்டம். பிறகு காமன்வெல்த்தில் வெண்கலம், ஆசியப் போட்டியில் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்கத்லானில் வெள்ளி.

சித்தப்பா: இண்டோர் என்றால் பர்வேஸ் கான். ஹரியானா. புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக 2024 பாஸ்டனில் மைல் ஓட்ட இறுதிப் போட்டிக்கு வந்தான்.

சித்தப்பா: என் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவை வகுப்பிலேயே போட்டுக் காட்டினேன்.

நான்: சித்தப்பா இவ்வளவு நீளமாக இந்தக் குழுவில் எழுதி நான் பார்த்ததில்லை.

மதுரை சின்னாச்சி: அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ விட்டுப்போயிருக்கிறது.

பெரியப்பா: மாற்றச் சொல்கிறேன் சித்தி.

செவ்வாய், 3 மார்ச்

பெரியம்மா: [படம்] மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. ஓரத்தில் கடித்த மாதிரி இருக்கிறது பாருங்கள்.

சித்தி: எங்களுக்கு மலை மறைத்துவிட்டது.

பெரியப்பா: பட்டியல் வந்ததா?

அத்தை: இங்கே இப்போதுதான் விடிந்திருக்கிறது அண்ணாச்சி. ராத்திரிதான் வரும்.

பெரியப்பா: 13ஆவது ஆளாக நிற்கிறவனை நம்பி நான் எப்படி இலை சொல்வது? முன்னால் நிற்கிறவன் எதற்கு விலகப் போகிறான்?

டல்லாஸ் மாமா: அதற்குக் காரணம் உண்டு அத்தான். ரிலேயில் கடைசி 1600 ஓடுகிறவன் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் மைல் ஓட்டக்காரன். மைல் தகுதிச் சுற்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ராத்திரியே இந்த ரிலே. சனிக்கிழமை மைல் இறுதிப் போட்டி, 3000 மீட்டரும் அன்றைக்குத்தான். முதல் இடத்துக்கு 10 புள்ளி, அப்புறம் 8, 6, 5 என்று இறங்கி எட்டாவது இடத்துக்கு 1. மைலில் 10 எடுக்கக்கூடியவனை முந்தின ராத்திரி ரிலேயில் ஓடவிட்டுக் களைப்பாக்குவதா என்று கோச் யோசிப்பார். அதனால் நல்ல நேரம் வைத்திருக்கிற டீம்கூட சில வேளை ரிலேயை விட்டுவிடும்.

சித்தப்பா: சரியான கணக்கு.

பெரியப்பா: எனக்கு இலைக் கணக்கு.

புதன், 4 மார்ச்

குட்டி: உள்ளே வந்துவிட்டோம்!! ஒரு டீம் விலகிவிட்டது. நாங்கள் 12ஆவது.

சித்தப்பா: குட்டி!

அம்மா: அபிராமி தாயே. ரொம்ப சந்தோஷம் குட்டி.

பெரியம்மா: வாழ்த்துகள் கண்ணா. நன்றாகச் சாப்பிடு.

சித்தி: இவர் எழுந்து வாசலில் நடந்துகொண்டிருக்கிறார். காபி ஆறுகிறது.

குட்டி: மாமா, ஒன்று சொல்ல வேண்டும். 400க்கு நானா இன்னொருவனா என்று கோச் இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் இந்த மாதம் என்னைவிடக் கொஞ்சம் வேகம். ஆனால் அவனுக்குத் தொடையில் பிடிப்பு.

பெரியப்பா: அப்படியானால் நீ ஓடாமலே உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டா?

குட்டி: உண்டு பெரிய மாமா.

பெரியப்பா: கேட்டீர்களா எல்லோரும்?

சித்தப்பா: உட்கார்ந்திருந்தாலும் டீமோடு போக வேண்டும் அண்ணாச்சி. கடைசி நிமிஷத்தில் கூப்பிடுவார்கள்.

சித்தப்பா: குட்டி, குச்சியை வாங்கும்போது 1200 ஓடிவருகிறவன் கையைப் பார், முகத்தைப் பார்க்காதே. முதல் வளைவுக்குள் இடம் பிடி. இல்லாவிட்டால் வெளியே சுற்றி ஓடியே காலில் பலம் போய்விடும்.

குட்டி: சரி சின்ன மாமா. கோச்சும் இதையே சொன்னார். கை மாற்றுகிற வீடியோ அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தப்பா: அனுப்பு. இப்போதே அனுப்பு.

தாத்தா: [குரல் செய்தி 1:54]

அத்தை: அப்பா என்ன சொல்கிறார்? நான் வேலையில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை.

நான்: எழுதுகிறேன் அத்தை. “முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம், நட்சத்திரம் பார்த்து வைத்தது. குட்டியையும் கூப்பிட வேண்டாம், அவன் அங்கேயே இருக்கட்டும். ஒரு பிள்ளையை நிறுத்தியது போதும். சின்னவன் அன்றைக்கு என் பக்கத்தில் உட்காரட்டும். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று அவன்தான் எனக்குச் சொல்ல வேண்டும், அவனுக்குத்தான் விவரம் தெரியும்.” அப்புறம் தோப்பில் தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை என்று ஒரு நிமிஷம் பேசியிருக்கிறார்.

சித்தி: இவர் அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்கிறார்.

பெரியப்பா: அப்பா சொன்னால் சரி. ஆனால் மகள், மருமகன்?

டல்லாஸ் மாமா: எனக்குத் தோன்றுவது, அவள் ஊருக்கு வரட்டும், நான் ஃபயட்வில் போகிறேன். டல்லாஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம்தான்.

அத்தை: நான் அங்கே வருகிறேன் என்று எப்போது சொன்னேன்? பெற்றவள் நான் அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டாமா?

அத்தை: அப்பாவையும் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

பெரியம்மா: டிக்கெட் விலை ஏறும் மதினி. சீக்கிரம் முடிவு செய்யுங்கள்.

நான்: மாமா, நம் நேரத்துக்கு ரிலே எத்தனை மணி?

டல்லாஸ் மாமா: வெள்ளி ராத்திரி 8, 9 மணிக்கு மேல் இருக்கலாம் என்று குட்டி சொல்கிறான். 8ஆம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே ராத்திரி 9 என்றால் உங்களுக்குச் சனிக்கிழமை காலை 7.30.

அம்மா: அபிஷேகம் நடக்கிற நேரம்.

பெரியப்பா: தலையில் கலசத் தண்ணீர் ஊற்றும்போது போனைப் பார்ப்பாரா அப்பா?

சித்தப்பா: முழு ஓட்டமும் பத்து நிமிஷம்தான் அண்ணாச்சி. குட்டி ஓடுவது ஒரு நிமிஷம்கூட இல்லை.

பெரியப்பா: குருக்களிடம் அந்தப் பத்து நிமிஷத்தை எப்படிக் கேட்பது?

மதுரை சின்னாச்சி: ஹோமம் முடிந்து கலசம் எடுக்கிறதற்குள் கொஞ்சம் இடைவெளி வரும். என் வீட்டுக்காரருக்குச் செய்தபோது காபி குடித்தோம்.

பெரியப்பா: அப்படியா? கேட்டுப் பார்க்கிறேன்.

டல்லாஸ் மாமா: டிவி ஒளிபரப்பு இந்தியாவில் கிடைக்காவிட்டாலும் நான் அரங்கத்திலிருந்து வீடியோ காலில் காட்டிவிடுகிறேன்.

அத்தை: நீங்கள் அங்கே இருக்கப் போகிறீர்கள் என்று யார் முடிவு செய்தது?

சித்தி: மதினி, பாதாம் கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். வந்தால் இரண்டு பாக்கெட்.

பெரியப்பா: டல்லாஸ் 1 என்று இப்போதைக்குச் சமையல்காரரிடம் சொல்லி வைக்கிறேன். 3 ஆனாலும் இலை போட்டுக்கொள்ளலாம்.

குட்டி: [வீடியோ 0:22]

சித்தப்பா: இடது கை தாழ்ந்து இருக்கிறது. இன்னும் ஒரு சாண் மேலே. தனியாகக் கூப்பிடு, பேசலாம்.

பெரியப்பா: குருக்கள் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுகிறேன்.

சித்தப்பா: திருக்கடையூரில் எந்த சிம் நன்றாக எடுக்கும்? யாருக்காவது தெரியுமா?

அம்மா: போன வருஷம் போன பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.