கேட்காமலே காதில் விழுந்த பாட்டுகள்: பாட்டு எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரன்:
"யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள்?" என்று பாட்டு எழுதுகிற யாரைக் கேட்டாலும் கண்ணதாசன், பட்டுக்கோட்டையார், இளையராஜா என்று பதில் தயாராக இருக்கும். பொய் இல்லை, ஆனால் மரியாதைக்குச் சொல்கிற பதில். நான் கேட்பது வேறு. நீங்களாகத் தேடிப் போகாமல், சின்ன வயதில் காதில் வந்து விழுந்தது எது? இன்று நீங்கள் எழுதும் வரியில் அது எங்கே தலைகாட்டுகிறது?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். கதை பாதி புரியாது, தூக்கம் வேறு. வீசுகோல் வில்லில் விழும் சத்தமும், குடத்தில் விழும் அடியும், ஒவ்வொரு வரி முடிவிலும் பின்பாட்டுக்காரர்கள் போடும் "ஆமா"வும்தான் மனதில் தங்கின. இப்போது மெட்டில் இரண்டு வரிக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தால் நான் அதில் சொல்லை அடைக்க மாட்டேன். "இங்கே ஒரு வார்த்தை குறையுதே" என்று இசையமைப்பாளர் கேட்பார். அது கோரஸுக்கான இடம் என்பேன். வில்லை ஊர்க் கோயிலிலிருந்து சபா மேடைக்குக் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் ஐயாவின் நிகழ்ச்சியைப் பின்னால் கேட்டபோதுதான் அந்த "ஆமா" எவ்வளவு வேலை செய்கிறது என்று விளங்கியது. கதை சொல்பவருக்கு மூச்சு வாங்க நேரம், கேட்பவருக்குப் பொருள் இறங்க நேரம்.

வைகைக்கரை:
நல்ல கேள்வி அண்ணே. எனக்கு மதுரையில் சி.எஸ்.ஐ. தேவாலயம். ஒரே ஆராதனையில் பாமாலையும் பாடுவோம், கீர்த்தனையும் பாடுவோம். கீர்த்தனை என்றால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகத்திலேயே கட்டியது, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். பாமாலை அப்படி இல்லை. ஜெர்மன் மெட்டு, ஆங்கில மெட்டு. அதற்குள் தமிழை உட்கார வைத்திருப்பார்கள். குறில் வரும் இடத்தில் மெட்டு நீண்டு நிற்கும். "மனம்" என்று பாடினால் "மானம்" என்று கேட்கும்! சின்ன வயதில் நானும் தம்பியும் இதற்கே சிரித்து அடி வாங்கியிருக்கிறோம்.

மெட்டுக்கு எழுதும் வேலை சினிமாவோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே பாமாலைக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இன்று டியூன் கைக்கு வந்ததும் நான் பொருளை யோசிப்பதில்லை. எந்த ஸ்வரம் நீள்கிறது, எது குறுகுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வேன். நீளும் இடத்தில் நெடில். உச்சத்தில் ஆ, ஓ மாதிரி வாய் திறக்கும் எழுத்து. அங்கே போய் "க்", "ப்" என்று முடித்தால் பாடுபவர் திட்டுவார்.

சந்தக்காரர்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். காதில் விழுந்ததெல்லாம் கைக்கு வந்துவிடாது. எங்கள் வீட்டுப் பக்கத்து மைக்செட்டில் காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அப்புறம் டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு, ஆடி மாதம் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி. தெரு முழுக்க அதையேதான் கேட்டது. தெருவில் வேறு யாரும் பாட்டு எழுதவில்லையே!

எனக்குக் கை கொடுத்தது திருப்புகழ். கற்றுக்கொடுத்த ஓதுவார் வார்த்தையைத் தொடவே விடமாட்டார். "தத்தத்தன தத்தத் தனதன" என்று சந்தத்தை மட்டும் நாள் கணக்கில் சொல்ல வைப்பார். அது தடங்கலின்றி வந்த பிறகுதான் "முத்தைத்தரு பத்தித் திருநகை". அன்று கடுப்பாக இருந்தது. இன்று கம்போசிங்கில் இசையமைப்பாளர் "தன்னன்னா தானா" என்று தத்தகாரம் பாடினால் எனக்குப் பதற்றமே வருவதில்லை. அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே நமக்கு டம்மி வரி, அதாவது மெட்டின் அளவைக் காட்டும் வெற்று வரி, எழுதி வைத்துவிட்டார்.

தாமிரபரணிக்காரன்:
சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓதுவாரிடம் உங்களைக் கொண்டுபோய் விட்டது யார்? நீங்களா போனீர்கள்?

சந்தக்காரர்:
அப்பா. அடித்து இழுத்துக்கொண்டு போனார். வாதத்தில் நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பான்:
எங்கட பக்கம் வேற மாதிரி. வீட்டில இலங்கை வானொலி, பஸ்ஸில பைலா எண்ட ஆட்டப் பாட்டு. பைலாவின் ஆறெண்ணிக்கை நடை இடுப்பில ஏறிவிட்டால் இறங்காது. எழுபதுகளின் பொப்பிசைக்காரர் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள். சோகப் பாட்டு எழுத உட்கார்ந்தாலும் எனக்கு அந்த நடைதான் வருகுது. இரண்டு பேர் பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குறுஞ்சாலை:
என் அப்பத்தா ஒப்பாரி சொல்வார். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கூப்பிடுவார்கள். கூடவே போய் மடியில் உட்கார்ந்திருப்பேன். அழுகை என்று வெளியில் தெரிவது உள்ளே கச்சிதமான கட்டுமானம். ஒரு சுற்றில் வெள்ளி என்று வைத்தால் அடுத்த சுற்றில் அதே இடத்தில் தங்கம். மற்ற சொற்கள் அசையாது. அந்த ஒரு சொல் மாறும்போது கூட்டம் உடையும். இறந்தவர் யார், தாய்வீடு எது, என்ன தொழில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த இடங்களில் செருகுவார். இதை எந்தப் பாடலாசிரியர் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டாவது சரணம் எழுதும்போது நான் செய்வது இதைத்தான்: முதல் சரணத்தின் அமைப்பு அப்படியே, ஒரே ஒரு சொல் மட்டும் ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை. போன வருடம் ஒரு கல்யாணப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் அத்தை கேட்டுவிட்டு, "ஏண்டி, தாலி கட்டுற பாட்டுல இழவு வீட்டுக் கட்டு வச்சிருக்கே?" என்றார். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் எங்கள் ஊரில் ஏறக்குறைய ஒரே ராகம்தானே அத்தை, கல்யாணம் மட்டும் என்ன விலக்கு என்று கேட்டேன். அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பாட்டு மண்டபங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.