தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்ற பேருந்து: உங்கள் அனுபவங்கள்

பின்சீட்டுப் பயணி:
லெவல் கிராசிங் விபத்து என்றால் கேட்டை மதிக்காமல் பாய்ந்த பேருந்து என்றுதான் நினைக்கிறோம். நான் இருந்த பேருந்து பாயவே இல்லை. கேட் திறந்துதான் இருந்தது. முன்னால் போன லாரியை ஒட்டியே ஓட்டுநர் தண்டவாளத்தில் ஏற்றினார். லாரி நின்றது, நாங்களும் நின்றோம். கடைசி இரண்டு வரிசை இருக்கைகள் தண்டவாளத்துக்கு நேர் மேலே.

மணி அடித்தது. எதிர்ப்பக்கத் தடுப்புக் கட்டை இறங்கி, பேருந்தின் கூரையில் டங்கென்று இடித்தது. பின்னால் இருந்த நாங்கள் கத்தினோம். முன்னால் இருந்தவர்களுக்கு எதற்கென்றே புரியவில்லை. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்த, லாரிக்காரர் புரிந்துகொண்டு சாலையோர மண்ணில் வண்டியை இறக்கினார். கட்டை கூரையை உரச உரசப் பேருந்து நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பின்கண்ணாடி முழுக்க ரயில்.

1995 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைக் கடந்துபோய் சாலையின் சிவப்பு விளக்குக்காக நின்றது. பின்பகுதி மட்டும் சில அடி, ரயில் வரும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. 7 மாணவர்கள் இறந்துபோனார்கள். ரயில் பெட்டி தண்டவாளத்தைவிட அகலமானது. சக்கரம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிட முடியாது. கேட் திறந்திருந்தாலும், அந்தப் பக்கம் முழுப் பேருந்துக்கும் இடம் இருந்தால்தான் ஏற்ற வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்:
நான் உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். வளைவு தாண்டியதும் பார்த்தேன், கிராசிங்கில் ஒரு பேருந்து குறுக்கே நிற்கிறது. 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். முழுதாக நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகும். எமர்ஜென்சி பிரேக்கைப் போட்ட பிறகு ஹாரன் அடிப்பதைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை.

மோதினோம். பேருந்தைத் தள்ளிக்கொண்டுபோய்த்தான் ரயில் நின்றது. இறங்கிப் போய் உள்ளே எட்டிப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. பார்த்தால், எல்லா இருக்கையும் காலி! எஞ்சின் அணைந்து மறுபடி கிளம்பாது என்று தெரிந்ததுமே நடத்துநர் எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறார். ரயில் அப்போது கண்ணுக்கே தெரியவில்லையாம். வண்டியைத் தள்ளிப் பார்ப்போம் என்று நாலு பேர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அந்த மனிதரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பின்சீட்டுப் பயணி:
ஐயா, இறங்கியவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள்?

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்:
நல்ல கேள்வி. மோதினால் வண்டியும் உடைந்த துண்டுகளும் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். அதனால் முதலில் தண்டவாளத்தை விட்டு விலக வேண்டும். அப்புறம் ரயில் வரும் திசையைப் பார்த்துச் சாய்வாக ஓட வேண்டும். பயத்தில் கால் அதற்கு நேர்மாறாகத்தான் இழுக்கும். அந்த நடத்துநர் கையைக் காட்டி, சரியான பக்கம்தான் அனுப்பியிருந்தார்.