இட்டௌமா அடித்துப் போட்டதெல்லாம் மண்பொம்மைகளா?

முதல்மணி | 17 ஆகஸ்ட் 2025

நேற்று ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் மோசஸ் இட்டௌமா டில்லியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டான். இருபது வயதுப் பையன். வலது ஹூக்கில் (கையை வளைத்து விடும் குத்து) வைட் விழுந்தார், எழுந்தார், ஆனால் கால் நிற்கவில்லை. ரெஃப்ரி பார்த்துவிட்டுக் கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

சந்தோஷத்தில் நண்பர்கள் குழுவில் எழுதினேன். வந்த பதிலெல்லாம் ஒரே மாதிரி: "வைட்டுக்கு 37 வயசு, முடிந்துபோன ஆள்." "13 சண்டையில் ஒருத்தனாவது ஜெயிக்க வந்தானா?" "மண்பொம்மையை உடைக்க ஹெவிவெயிட் எதற்கு?"

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. 2023 ஜனவரியில் அவன் தொழில்முறைக்கு வந்த நாளிலிருந்து ஒரு சண்டை விடாமல் பார்க்கிறேன். 13 வெற்றி, அதில் 11 நாக்அவுட். ஆறு ரவுண்டைத் தாண்டி அவன் போனதே இல்லை என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை.

என் கேள்வி இதுதான். எதிராளி நிஜமாகவே சொத்தையா, அல்லது இந்தப் பையன் முன்னால் நிற்பதால் சொத்தையாகத் தெரிகிறாரா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எதிராளியின் வெற்றி தோல்விக் கணக்கைத் தராதீர்கள், அது எனக்கும் தெரியும். அதைத் தாண்டி என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பத்துஎண்ணு

உங்கள் குழு சொன்னதில் தப்பில்லை. இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஆட்லி ஹாரிசன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய கையோடு பிபிசியிடம் பெரிய ஒப்பந்தம் போட்டார். வரிசையாக 19 வெற்றி. யாரை அடித்தார் என்று கேட்டால் யாருக்கும் பெயர் நினைவில்லை. 2005 டிசம்பரில் டேனி வில்லியம்ஸ் வந்தார், அன்றைக்கே காற்று போய்விட்டது.

ஹாரிசன் பழைய கதை என்றால் ஜாரெட் ஆண்டர்சனைப் பாருங்கள். அமெரிக்க ஹெவிவெயிட்டின் எதிர்காலம் என்றார்கள். முதல் 14 சண்டையும் நாக்அவுட். 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ட்டின் பக்கோலே முன்னால் நின்றார். முதல் ரவுண்டிலேயே தரையில், ஐந்தாவதில் கதை முடிந்தது. இட்டௌமா மேல் எனக்குக் கோபம் இல்லை. வளர்க்கிறவர்கள் அவனை ஏமாற்றுகிறார்கள்.

பழையகையுறை

தம்பி, நானும் கொஞ்ச காலம் ரிங்கில் நின்றவன். நீங்கள் சொல்லும் அந்த "சொத்தை எதிராளி" வேலையையும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குழுவுக்கு ஒரு பதில். இட்டௌமாவிடம் முன்பு தோற்ற டெம்சி மெக்கீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஹ்ர்கோவிச் என்ற இன்னொரு ஹெவிவெயிட் அவரை நிறுத்தப் பன்னிரண்டாவது ரவுண்ட் வரை போக வேண்டியிருந்தது. இட்டௌமாவுக்கு ஒரு ரவுண்ட் கூடத் தேவைப்படவில்லை. வைட்டை ஜோஷுவா ஏழாவதில் நிறுத்தினார், பொவெட்கின் ஐந்தாவதில், ஃப்யூரி ஆறாவதில். வயதாகிவிட்டது என்பது சரிதான், ஆனாலும் இரண்டு நிமிடத்தில் அவரை யாரும் இப்படி முடித்ததில்லை. ஒரே ஆள் வேறு வேறு பேரிடம் எப்படித் தோற்றான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் கணக்கைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது என் கதை. ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது, சனிக்கிழமை சண்டை. எதிரில் ஆறுக்கு ஆறு ஜெயித்த பையன், அவன் ஊர், அவன் டிக்கெட். எனக்குக் கிடைத்தது கதவுப் பக்கம் ஒரு அறை. யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்கிற மேட்ச்மேக்கர் என் கையில் கட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே, "இரண்டு ரவுண்ட் நின்றால் போதும்" என்றார். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. நான் விழுவதற்காகப் போகவில்லை. விழ வருகிறவனுக்கும், ஜெயிக்க வந்து முடியாமல் போகிறவனுக்கும் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். விழ வருகிறவன் அடி வாங்கியதும் கயிற்றைத் தேடுவான். மற்றவன் எதிராளியின் தோளைத் தேடுவான்.

நான் தோளைத் தேடினேன். பையனுக்கு அருமையான ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து), நீளமான கை. முதல் ரவுண்டில் என் நெற்றி முழுக்க அவன் கையுறைதான். இரண்டாவதில் அவன் ஜாபைத் தட்டிவிடுவதை விட்டேன். அதற்குள்ளேயே நுழைந்து இடது தோளில் வாங்கிக்கொண்டு, தலையை அவன் தாடைக்குக் கீழே வைத்து, என் முழு எடையையும் அவன் கழுத்தில் சாய்த்தேன். நூறு கிலோவுக்கு மேல். மூன்றாவது ரவுண்டில் அவன் வாயால் மூச்சு விட ஆரம்பித்தான். இதுவரை யாரும் அவன் மேல் சாய்ந்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்குக் கிடைத்த ஆறு பேரும் எட்ட நின்று அடி வாங்கியவர்கள்.

நான்கு ரவுண்ட் முடிந்தது, பாயின்ட்டில் தோற்றேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பையன் ஐஸ் பையோடு என் அறைக்கு வந்தான். "அண்ணா, என் ஜாபை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டான். அந்தச் சின்ன அறையிலேயே அவன் முன்காலை எங்கே வைக்க வேண்டும், கழுத்தில் கை விழுந்ததும் எப்படித் திரும்ப வேண்டும் என்று நின்று காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டான்.

பத்துஎண்ணு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிராளி பலவீனமாக இருப்பதே குற்றம் ஆகாது. ஒரே மாதிரி ஆட்களையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் கெடுதல். உயரமானவன், குட்டையாக உள்ளே நுழைகிறவன், சவுத்பா (இடது கைக்காரன்), சாய்கிறவன், அடித்தாலும் சிரிக்கிறவன் என்று ஒவ்வொருவனிடமும் ஒவ்வொன்று இருக்கிறது. இட்டௌமாவே சவுத்பா. அவனைச் சந்திக்கிறவர்களுக்கே அது பழக்கமில்லாத கோணம்.

ரவுண்ட் கணக்கும் முக்கியம். 1998 டிசம்பர், கீவ். விளாதிமிர் க்ளிட்ச்கோ 24 சண்டையிலும் ஜெயித்து, சொந்த ஊரில் ராஸ் ப்யூரிட்டியைச் சந்திக்கிறார். ப்யூரிட்டிக்கு ஏற்கெனவே 13 தோல்வி. உங்கள் குழு பார்த்தால் மண்பொம்மை என்றுதான் சொல்லியிருக்கும். அடி, அடி, அப்படி ஓர் அடி. ப்யூரிட்டி விழவில்லை. பத்தாவது ரவுண்டில் க்ளிட்ச்கோவின் கை இடுப்புக்கு இறங்கிவிட்டது. பதினொன்றாவதில் அவருடைய பயிற்சியாளரே கார்னரிலிருந்து ரிங்குக்குள் ஏறி வந்தார், சண்டை நின்றது. அவரை அன்று தோற்கடித்தது அவருடைய சொந்த மூச்சுதான். முதல் மூன்று ரவுண்டிலேயே எல்லாவற்றையும் முடித்துப் பழகிய உடம்புக்கு எட்டாவது ரவுண்டில் எப்படி ஓய்வெடுப்பது என்று தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இன்னும் சில தோல்விகள் வேண்டியிருந்தன. அப்புறம்தான் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் கையில் வளர்ந்து, 2006 முதல் 2015 வரை சாம்பியனாக இருந்தார்.

ஜாப்மட்டும்

நல்ல பதிவு. டைசனையும் இங்கே சேர்க்க வேண்டும். 1985 மார்ச்சில் முதல் சண்டை, அந்த ஒரே வருடத்தில் 15 சண்டை, எல்லாமே நாக்அவுட். எதிராளிகளில் பாதிப் பேர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்ட் நின்று காட்டினார், அதே மாதம் மிச் கிரீனும் நின்றார். நவம்பரில் பெர்பிக்கை அடித்துப் பட்டம், அது 28-ஆவது சண்டை. இன்றைய பையன்களுக்கு வருடத்துக்கு மூன்று நான்கு சண்டைதான். அதிலும் ஒரு ரவுண்டில் முடிந்தால் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

பத்துஎண்ணு

ப்யூரிட்டி விஷயம் சரி. ஆனால் அமெரிக்க ஹெவிவெயிட் வைல்டர்? 32 சண்டை, 32 நாக்அவுட், நான்கு ரவுண்டைத் தாண்டியதே இல்லை. அப்படியே உலகப் பட்டத்துக்குப் போனார்.

பழையகையுறை

போய் ஜெயிக்கவும் செய்தார். 2015 ஜனவரியில் அப்போதைய சாம்பியன் ஸ்டைவர்னோடு பன்னிரண்டு ரவுண்டும் நின்று பாயின்ட்டில் எடுத்தார். நாமெல்லாம் மூச்சு வாங்கும் என்று நினைத்தோம், ஜாபை வைத்தே சண்டையை ஓட்டினார். அதனால்தான் சொல்கிறேன், வெளியிலிருந்து முழுசாகத் தெரியாது. ஜிம்முக்குள் என்ன நடக்கிறது என்பது கணக்கில் வராது. ஃபோர்மேனையும் 37 வெற்றி இருந்தும் யாரை அடித்தார் என்றுதான் கேட்டார்கள். முன்னாள் சாம்பியன் சன்னி லிஸ்டனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து வளர்ந்தவர் என்பதை யாரும் எண்ணவில்லை. 1973 ஜனவரி, கிங்ஸ்டன். அன்றைய சாம்பியன் ஃப்ரேசியர் ஃபோர்மேனிடம் இரண்டு ரவுண்டில் ஆறு முறை தரையைப் பார்த்தார்.

முதல்மணி

அண்ணா, இதைப் படித்துவிட்டு மெக்கீன் சண்டைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். இட்டௌமாவிடம் மெக்கீனுக்குத் தோளைத் தேடவே நேரம் கிடைக்கவில்லை. அது எனக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. அடுத்து அவனுக்கு யாரைக் கொடுக்கலாம்? பட்டம் வைத்திருக்கிறவர்கள் ஏன் வரவில்லை?

பழையகையுறை

சாம்பியன்கள் இப்போதைக்கு வர மாட்டார்கள். இவனை அடித்தால் "சின்னப் பையனை அடித்தான்" என்பார்கள், இவனிடம் அடி வாங்கினால் மானம் போகும். பணமும் அதற்கேற்ப இருக்காது.

நான் மேட்ச்மேக்கராக இருந்தால் பெரிய பெயரைத் தேட மாட்டேன். தாடை கெட்டியான, அவசரப்படாத, பத்து ரவுண்ட் பலமுறை போய்ப் பழகிய ஒருவன் போதும். கெவின் ஜான்சன் அவருடைய நல்ல காலத்தில் இருந்த மாதிரி. விட்டாலி க்ளிட்ச்கோவோடும் பன்னிரண்டு ரவுண்ட், ஃப்யூரியோடும் பன்னிரண்டு ரவுண்ட். அப்படி ஒருவனை இட்டௌமா மூன்றாவதில் முடித்தால் நான் எழுந்து நின்று கை தட்டுவேன். எட்டாவது ரவுண்ட் வரை இழுத்து, பாயின்ட்டில் ஜெயித்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

முதல்மணி

அந்த நான்கு ரவுண்ட் சண்டை வீடியோ உங்களிடம் இருக்கிறதா அண்ணா?

பழையகையுறை

வீடியோ இல்லை தம்பி. ஸ்கோர் எழுதிய சீட்டு மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டு நடுவர்கள் 40-36. ஒருவர் 39-37, மூன்றாவது ரவுண்டை எனக்குக் கொடுத்திருக்கிறார்.