பார்ஸ் என்ற வினைக்கு 'உறுப்பறி'

வணக்கம்.

எழுதியிருப்பதில் எந்தத் துண்டு எதன் உறுப்பு என்று கணினி கண்டுகொள்வதை ஆங்கிலத்தில் பார்ஸ் (parse) என்பார்கள். அதற்குத் தமிழில் 'பகுப்பாய்' என்று வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அனலைஸ் என்பதற்கு அது நிலைத்துவிட்ட சொல். ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். 'பாகுபடுத்து' என்றால் இன்று பலருக்கும் பாரபட்சம்தான் நினைவுக்கு வரும்.

இந்த ஆங்கில வினை இலக்கண வகுப்பில் பிறந்தது. ஒரு சொல்லைக் காட்டி 'இது எந்தச் சொல்வகை?' என்று கேட்கும் லத்தீன் கேள்வியில் வரும் பார்ஸ் (pars) என்றால் பகுதி. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அதையே வினையாக்கிக்கொண்டார்கள். கணினிக்கு வந்தது வெகுகாலம் கழித்து.

நம் இலக்கணத்திலும் இதே வேலை இருக்கிறது: பகுபத உறுப்பிலக்கணம். 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்தால் மட்டும் போதாது. நட பகுதி, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி என்று சொல்ல வேண்டும். ஒரே வடிவில் இரண்டு அன். இருக்கும் இடத்தை வைத்துத்தான் எது சாரியை, எது விகுதி என்று தெரிகிறது. பார்ஸ் செய்யும் நிரலான பார்சர் செய்வதும் அதுதான்.

அதனால்தான் பார்ஸ் என்பதற்குப் 'பதம்பிரி' என்று வைப்பதும் எனக்குப் போதவில்லை. 2 + 3 × 4 என்பதை ஐந்து துண்டாக நறுக்குவது, பார்சருக்கு முன்னால் ஓடும் லெக்சர் என்ற நிரலின் வேலை. 'பதம்பிரி' அதற்கு அழகாகப் பொருந்தும், அங்கேயே வைத்துக்கொள்வோம். 3 × 4 முதலில் சேரும், அந்த விடை கூட்டலின் ஓர் உறுப்பாகும் என்று கண்டுகொள்வது அடுத்த படி. அந்தப் படிக்கு 'உறுப்பறி' என்கிறேன். 'பகுத்தறி' இன்னும் கச்சிதமான சொல்தான், ஆனால் அதற்கு வேறு பொருள் ஆழமாகப் பதிந்துவிட்டது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'இந்தக் கோப்பை உறுப்பறிய முடியவில்லை', 'வரி 12இல் உறுப்பறிதல் பிழை'. நாக்கு இடறவில்லை.

சரி, பார்சருக்கு? 'உறுப்பறிவி' வேண்டாம், 'அறிவி' என்ற ஏவல் உள்ளே புகுந்து, உறுப்புகளை அறிவிக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். இப்போதைக்கு 'உறுப்பறி நிரல்' என்று எழுதுகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.