வழக்குரை காதையை இசை நாடகமாக்குவதற்கு வெர்டியிடம் என்ன கற்கலாம்?

கூடல் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியின் தமிழ்த் துறையில் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவ மாணவியர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஒரு மணி நேர இசை நாடகமாக மேடையேற்ற விரும்புகின்றனர். நன்றாகப் பாடக்கூடிய சிலர் இருக்கிறார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், வயலின் ஆகியவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. கண்ணகி வழக்குரைத்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு அதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் மனம் ஒப்பாது என்பதால் இவ்வளவு யோசிக்கிறேன்.

இலக்கியத்தை மேடை இசையாக மாற்றியவர்கள் எவ்வாறு செய்தார்கள் என்று தேடியபோது இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டியின் ஓபராக்கள் (பாட்டாலேயே கதை நடத்தும் மேலைநாட்டு இசை நாடகங்கள்) கவனத்திற்கு வந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்து மேக்பெத், ஒதெல்லோ, ஃபால்ஸ்டாஃப் என மூன்றையும், விக்டர் ஹியூகோவிடமிருந்து இரண்டையும், ஷில்லரிடமிருந்து நான்கையும் எடுத்து அவர் இசையமைத்திருக்கிறார். இவற்றில் எதை வைத்துக்கொண்டார், எதைத் தள்ளினார், எந்த அடிப்படையில் தள்ளினார் என்பதை விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டும். எங்கள் மாணவர்களில் ஒரு சாரார் இளங்கோவடிகளின் ஓர் அடியைக்கூட மாற்றக் கூடாது என்கிறார்கள். மற்றவர்களோ, அகவலை அப்படியே பாடினால் கேட்பவர்களுக்குப் புரியாது, புதிதாகக் கீர்த்தனைகள் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

திருநகர் இசை ஆர்வலர்:

அம்மா, வணக்கம். வெர்டியை நெடுங்காலமாகக் கேட்டு வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒதெல்லோ. 1887 பிப்ரவரியில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறிய அந்த ஓபராவுக்குப் பாடல் நூல் எழுதியவர் ஆரிகோ பொய்ட்டோ. ஷேக்ஸ்பியரின் மூலத்தில் ஐந்து அங்கங்கள். அவற்றில் முதல் அங்கம் முழுவதும் வெனிஸ் நகரில் நடக்கிறது. ஒதெல்லோவும் டெஸ்டிமோனாவும் மறைவாக மணந்துகொண்டதும், அவளுடைய தந்தை முறையிடுவதும், ஆட்சி மன்றத்தின் முன்னால் ஒதெல்லோ தங்கள் காதல் பிறந்த வரலாற்றைச் சொல்வதும் அங்கேதான். பொய்ட்டோ அந்த அங்கத்தை அடியோடு எடுத்துவிட்டார். ஓபராவில் திரை விலகியதுமே சைப்ரஸ் தீவின் கரையில் புயல் வீசுகிறது. கரையில் கூடியிருக்கும் மக்கள் தளபதி ஒதெல்லோவின் கப்பல் பிழைக்குமா என்று பதறிப் பாடுகிறார்கள்.

ஆயினும் எடுத்துவிட்ட அங்கத்தின் உயிர் வீணாகவில்லை. "நான் பட்ட இன்னல்களுக்காக அவள் என்னை விரும்பினாள், அவள் இரங்கியதற்காக நான் அவளை விரும்பினேன்" என்ற பொருளில் ஒதெல்லோ மன்றத்தில் சொல்லும் சொற்கள், ஓபராவில் கணவனும் மனைவியுமாக இரவில் தனித்திருந்து பாடும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. மன்றத்தில் வாக்குமூலமாக இருந்தது இங்கே நினைவாக மாறிவிட்டது. அந்தப் பாட்டின் முடிவில் முத்தத்திற்காக எழும் இசை, கடைசி அங்கத்தில் அவளைக் கொன்றுவிட்டு அவன் சாகும் தறுவாயில் மறுபடியும் ஒலிக்கும். அதைக் கேட்டபின் வெனிஸ் நகரக் காட்சிகள் இல்லையே என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இதை வைத்துச் சொல்கிறேன்: வழக்குரை காதை கோப்பெருந்தேவியின் தீக்கனவில் தொடங்குகிறது என்பதற்காக நீங்களும் அங்கேயே தொடங்க வேண்டியதில்லை. ஆய்ச்சியர் குரவையில் தொடங்குங்கள். குடத்தில் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஆனிரையின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. என்னவோ நேரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, கண்ணகியும் காணட்டும் என்று குரவை ஆட வைக்கிறாள். ஆடலும் பாடலும் இளங்கோவடிகளே அமைத்துக் கொடுத்தவை. அந்த ஆடல் முடிந்த கையோடு கோவலன் கொலையுண்ட செய்தி வந்து விழுகிறது. தேவியின் கனவை விட்டுவிட மனமில்லையென்றால், தலைவிரி கோலமாகக் கண்ணகி அவைக்குள் நுழையும்போது, தான் கண்ட கனவு இதுதான் என்று தேவி ஓரிரு அடிகளில் பாடினால் போதும்.

அடுத்தது குரல். மேக்பெத் 1847இல் ஃபுளோரன்ஸ் நகரில் அரங்கேறியது. மறு ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் மேடையேற்ற ஏற்பாடு நடந்தபோது, மேக்பெத்தின் மனைவி வேடத்திற்குப் புகழ்பெற்ற ஒரு பாடகியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெர்டி அதற்கு உடன்படாமல் கடிதம் எழுதினார். அந்த அம்மையார் மிக அழகானவர், குறையே இல்லாமல் பாடுகிறார். எனக்கு வேண்டியதோ கரகரத்த, அடைத்த, இருண்ட குரல் என்பது அவருடைய வாதம். மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்தபடி, கையில் இல்லாத இரத்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் காட்சியைப் பாடவே கூடாது, நடித்து உச்சரிக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். கல்லூரியிலேயே இனிமையாகப் பாடும் மாணவிக்குக் கண்ணகி வேடத்தைக் கொடுத்துவிடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், முதலில் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஃபால்ஸ்டாஃப் (1893) நகைச்சுவை நாடகம் என்பதால் உங்கள் பணிக்கு அவ்வளவாக உதவாது.

உசிலம்பட்டி ஆர்மோனியம்:

வணக்கம். நான் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். ஓபராவைப் பற்றி மேலே எழுதியிருக்கும் ஐயா சொல்லித்தான் அறிந்துகொண்டேன். ஆனால் அகவலை வைத்துக்கொள்வதா, கீர்த்தனை எழுதுவதா என்ற கேள்விக்கு எங்கள் மேடையிலேயே விடை இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். அவர் எழுதிய கோவலன் நாடகத்தையும் வள்ளி திருமணத்தையும் இன்றும் இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய ஆடுகிறோம். அவற்றில் விருத்தம், பாட்டு, வசனம், தர்க்கம் என நால்வகை நடை உண்டு. விருத்தத்துக்குத் தாளக் கட்டு கிடையாது. இராகத்தில் நின்று, சொல்லை நீட்டி, நிறுத்தி, பொருள் விளங்கும்படி பாடலாம். ஆகையால் இளங்கோவின் அடிகளை ஒன்றுகூட மாற்றாமல் விருத்தமாகவே பாட வையுங்கள். "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்பதை அடாணா இராகத்தில் எடுத்தால் அவை அதிரும். அடியின் பொருளை அடுத்த வசனத்தில் பாண்டியனே கேள்வியாகத் திருப்பிக் கேட்டுவிட்டால், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் புரிந்துவிடும். புதிய பாட்டு ஊரார்க்கும் வாயிலோனுக்கும் மட்டும் இருக்கட்டும்.

வழக்கு என்பதே தர்க்கம்தான். வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பிடித்துக்கொண்டு மேலே போவார். கூட்டம் அசையாமல் கேட்கும். "என் கால் சிலம்பில் உள்ளது மாணிக்கம்" என்று கண்ணகியும், "எங்கள் சிலம்பில் உள்ளது முத்து" என்று பாண்டியனும் மாறி மாறிப் பாடும் இடத்தை அப்படி அமைத்தால் நாடகம் தானாகவே ஏறும். அங்கே மிருதங்கம் காலம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சிலம்பை உடைக்கும்போது சட்டென்று நின்றுவிட வேண்டும்.

கூடல் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்ச்சியர் குரவையில் தொடங்குவது என்றும், அகவலை விருத்தமாக வைத்துக்கொள்வது என்றும் மாணவர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். புதிதாக ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. ஒதெல்லோவில், ஷேக்ஸ்பியரில் இல்லாத ஒரு பாட்டை, ஒதெல்லோவை வஞ்சிக்கும் யாகோவுக்கு பொய்ட்டோ எழுதிச் சேர்த்தார் என்று படித்தேன். கொடிய கடவுள் ஒருவனே தன்னைப் படைத்தான் என்று அந்த வஞ்சகன் தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிறான். அதைப் போலவே பொற்கொல்லனுக்கும் தனிப்பாட்டு எழுத வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்கிறார். சேர்க்கலாமா?

திருநகர் இசை ஆர்வலர்:

தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே என் கருத்து. யாகோ ஏன் இவ்வளவு தீங்கு செய்கிறான் என்பதை ஷேக்ஸ்பியர் திறந்து சொல்லவில்லை; படிப்பவர் எண்ணிப் பார்த்துக்கொள்ள இடமுண்டு. மேடையில் இசை ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பார்க்க நேரமிருக்காது என்பதால் பொய்ட்டோ அதைப் பாட்டாகவே வெளிப்படுத்தினார். நம்மிலும் இதற்கு முன்மாதிரி உண்டு: கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது, பெரியபுராணத்தில் இல்லாத, பண்ணையாரான ஒரு வேதியரைக் கொண்டுவந்து நந்தனாருக்கு எதிரே நிறுத்தினார். சிதம்பரம் போக விடை கேட்டு நந்தனார் மன்றாடும் பாட்டுகளெல்லாம் அந்த வேதியர் இருப்பதால்தான் பிறந்தன.

பசுமலைத் தமிழாசிரியர்:

மேலே கூறப்பட்ட கருத்திலிருந்து மாறுபடுகிறேன். பாரதியார் சேர்த்த வேதியர் நந்தனாரின் ஏக்கத்தைக் கூட்டினார். பொற்கொல்லனின் தனிப்பாட்டோ பாண்டியனின் குற்றத்தைக் குறைத்துவிடும். காதையின் முடிவைப் பாருங்கள். மாணிக்கப் பரல் தெறித்ததும் மன்னன் சொல்வது, "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்" என்பதாகும். கொல்லன் பொய் சொன்னான் என்று அவன் முறையிடவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டது தன் பிழை என்கிறான். தன் குற்றத்தில் ஒரு பங்கைக்கூட இன்னொருவர்மீது சுமத்தாமல் உயிர்விடும் அந்த மன்னனுக்கு முன்னால், கொல்லன் வந்து தன் வஞ்சகத்தை நீளப் பாடிவிட்டுப் போனால், பார்ப்பவர்கள் அவன்மேல் சினத்தை இறக்கிவிட்டுப் பாண்டியனுக்காக இரக்கம் மட்டுமே கொள்வார்கள். கண்ணகியின் வழக்கு கொல்லனோடு அன்று, கொற்றத்தோடு. சிபியையும் மனுநீதிச் சோழனையும் அவள் எடுத்துச் சொல்வதே அதற்காகத்தான்.

கொலைக்களக் காதையில் கொல்லன் பேசும் பேச்சு அரசன் காதில் விழும் அளவுக்கு நான்கு அடி வசனமாக இருந்தால் போதும்.

திருநகர் இசை ஆர்வலர்:

ஐயா, "யானே கள்வன்" என்ற அடியை வைத்து நீங்கள் சொல்வது வலுவான காரணம், ஏற்கிறேன். அப்படியானால் அந்த அடியை எப்படி ஒலிக்கச் செய்வது என்பதற்கும் வெர்டியிடம் ஒரு வழி இருக்கிறது. டூமாவின் நாடகத்தைத் தழுவி 1853இல் வெனிஸ் நகரில் அரங்கேறிய லா டிராவியாட்டாவின் கடைசி அங்கத்தில், சாகக் கிடக்கும் வயலெட்டா தனக்கு வந்த கடிதத்தைப் பாடுவதில்லை. சாதாரணப் பேச்சுக் குரலில் படிக்கிறாள். முதல் அங்கத்தில் காதலன் பாடிய மெட்டு மட்டும் அவளுக்குப் பின்னால் வயலினில் மெல்ல ஒலிக்கிறது. நாடகம் முழுவதும் பாடியவள் பாடாமல் பேசுவதால் நெஞ்சு கனத்துவிடுகிறது. பாண்டியனும் அதுவரை விருத்தமாகப் பாடிவிட்டு, "யானோ அரசன்" என்ற இடத்திலிருந்து "கெடுக என் ஆயுள்" வரை பேச்சாகச் சொல்லட்டும்.

உசிலம்பட்டி ஆர்மோனியம்:

அது நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் வயலின் வேண்டாம், சுருதி மட்டும் நிற்கட்டும். கல்லூரி மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தால் வயலின் அவன் சொல்லை அமுக்கிவிடும்.

சுருதியைப் பற்றியும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள் அம்மா. ஆண் குரலும் பெண் குரலும் தர்க்கம் பாடும்போது ஒரே கட்டையில் (சுருதி உயரத்தில்) வைத்தால் ஒருவர் திணறுவார். கண்ணகியாக நடிக்கும் மாணவிக்கு ஐந்து கட்டை வசதியென்றால் பாண்டியனை ஒரு கட்டையில் பாட வையுங்கள். அவளுடைய மத்திமமே (ம) அவனுக்கு ஆதார சட்ஜமாகிவிடும் (ஸ). ஆர்மோனியத்தில் கையை எடுக்காமலே இருவருக்கும் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். முதல் ஒத்திகைக்கு முன்பே இதைப் பழக்கிவிடுங்கள்.