முதிய தந்தையோடு நீர்க்கரையில் அமைதியாக ஒரு பொழுது: கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கே செல்லலாம்?

கேள்வி (தருமபுரியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 74 வயது ஆகிறது. முழங்கால் வலியால் கடந்த ஓராண்டாக வீட்டுத் திண்ணையைத் தாண்டி அவர் அதிகம் செல்வதில்லை. ஏரிப் பாசன ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், நீர் ததும்பும் ஏரியைப் பார்த்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லிவிட்டார். ஒகேனக்கல்லுக்கு ஒருமுறை அழைத்துச் சென்றோம். கூட்டத்திலும் படிக்கட்டுகளிலும் சமாளிக்க முடியாமல், பாதி நேரம் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. எட்டு வயது மகளும் உடன் வருவாள். காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பும்படி, அதிகம் நடக்காமல் நீரின் அருகில் அமரக்கூடிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எது என்று அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (காவேரிப்பட்டணத்திலிருந்து)

வணக்கம் ஐயா. எல்லோரும் முதலில் சொல்வது கிருஷ்ணகிரி அணையைத்தான். காமராசர் ஆட்சிக் காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணை 9,012 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகிறது. ஆனால் நீங்கள் கேட்பது அமைதி என்பதால் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பூங்கா அணையின் கீழ்ப்புறத்தில் இருப்பதால், மர நிழலும் குழந்தைகள் விளையாட இடமும் கிடைக்குமே தவிர, தேங்கிய நீர்ப்பரப்பு அங்கிருந்து கண்ணில் படாது. உங்கள் தந்தை தேடும் காட்சி அதுவல்ல என்று நினைக்கிறேன்.

அப்படியும் அங்கே செல்வதாக இருந்தால், வார நாளில் காலை ஏழு மணிக்கு முன்பே சென்றுவிடுங்கள். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் ஆகிய நாள்களில் நிற்கவும் இடம் இருக்காது. நீர் திறப்பு அதிகமாக இருக்கும் நாள்களில் அணைக்கு எதிரே உள்ள தரைப்பாலம் மூழ்கிவிடும். அந்தச் சமயங்களில் பயணத்தைத் தள்ளி வைப்பதே நல்லது. திரும்பும் வழியில் மீன் வறுவல் கடைகளில் கட்லாவையோ ஜிலேபிக் கெண்டையையோ கண்ணெதிரே கீறி, மசாலா தடவி, கல்லில் போட்டுத் தருவார்கள். என் பிள்ளைகளுக்கு அணையைவிட அதுதான் நினைவில் நிற்கிறது.

பதில் 2 (கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து)

குழந்தைக்காக மட்டும் என்றால் அவதானப்பட்டி ஏரியைச் சொல்வேன். படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் உள்ளன. படகில் ஏறினால் மிதவை உடையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். ஏரி நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் லாரிகளின் இரைச்சல் ஓயாது. பெரியவருக்கு அது சரிப்படாது.

பதில் 3 (போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து)

ஐயா, தங்கள் தந்தையின் விருப்பத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பாரூர் பெரிய ஏரிதான் நினைவுக்கு வந்தது. தென்பெண்ணை நீர் நெடுங்கல் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்கிறது. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் இதை நம்பியிருக்கிறது. பொழுதுபோக்கு வசதிகளை எதிர்பார்த்து வராதீர்கள். இது முதலில் உழவர்களின் ஏரி, பிறகுதான் பார்வையாளர்களுக்கானது. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். ஏரி நிரம்பி வழிந்து கோடி போன ஆண்டாக இருந்தால் நீர் கரையோரம் வரை நிறைந்திருக்கும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் பறவைகளைப் பார்க்கலாம். உடல் முழுவதும் கருமையாகவும் நெற்றி மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்மையாகவும் இருப்பது நாமக்கோழி. அது நீருக்குள் தலையை விட்டுக் கொடியைப் பறித்துக்கொண்டு மேலே வரும்போது, பக்கத்தில் இருக்கும் மற்றொன்று அதைப் பிடுங்கப் பாயும். உங்கள் மகள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நீர்க்காகங்கள் மரக்கிளையில் இறக்கையை விரித்து உலர்த்துவதையும் காணலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று போச்சம்பள்ளியில் வாரச்சந்தை கூடுவதால் வழியெல்லாம் ஆடு மாடுகளும் வண்டிகளுமாக இருக்கும். மடக்கு நாற்காலி ஒன்றும் குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டு வாருங்கள். கரைமேட்டில் வண்டி எதுவரை செல்லும் என்பதை ஊரில் எவரைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். மதகின் அருகே உள்ள படிகளில் குழந்தையை இறங்க விட வேண்டாம். பாசி படிந்த அந்தப் படியில் என் தங்கை மகன் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுடன் இருந்தான். பக்கத்தில் நின்றிருந்தும் என்னால் பிடிக்க முடியவில்லை.

பதில் 4 (ஓசூரிலிருந்து)

மேலே உள்ளவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணை, நந்தி மலையில் தோன்றி பெங்களூருப் புறநகர்க் கழிவுகளைச் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. எங்கள் கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது, அந்தக் கழிவுநீரில் கலந்த சோப்புப் பொருள்கள் அடிபட்டு மலைபோல் நுரை எழுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சில நாள்களில் நாற்றம் சாலை வரை வரும். கீழே செல்லச் செல்ல நுரை அடங்கினாலும், ஓடி வருவது அதே ஆற்று நீர்தான். எனவே இந்த ஆற்றை நம்பியுள்ள எந்த நீர்நிலையிலும் குழந்தையைக் குளிக்கவோ வாய் கொப்பளிக்கவோ விடாதீர்கள். ஓரம் ஆழமற்றதுபோல் தெரிந்தாலும், அடியில் உள்ள வண்டலில் கால் முழங்கால் வரை புதைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

பதில் அளித்த அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. பாரூர் என்றதும் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிறு வயதில் போச்சம்பள்ளிச் சந்தைக்குத் தம் தந்தையுடன் மாட்டு வண்டியில் சென்றபோது, அந்த ஏரிக்கரையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறியதாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. தை பிறந்து காணும் பொங்கல் கூட்டம் கலைந்ததும், ஒரு புதன்கிழமை விடியற்காலையில் புறப்படுவதாக முடிவு செய்திருக்கிறோம். நாற்காலி வாங்கிவிட்டேன். மகள் நாமக்கோழியின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறாள். நெற்றிக்கு மட்டும் வண்ணம் தீட்டாமல் விட்டிருக்கிறாள்.