புதுப்பிப்பு: அம்மாவின் கண் சிவப்பு மெட்ராஸ் ஐ அல்ல

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் டிரபெகுலெக்டமி (கண்ணின் உள்நீர் வடிய வழி அமைக்கும் அறுவை) செய்துகொண்ட அம்மாவின் வலது கண் சிவந்து பீளை கட்டியிருப்பதைச் சென்ற வாரம் எழுதி, மெட்ராஸ் ஐ ஆக இருக்குமா என்று கேட்டிருந்தேன். அன்றே மருத்துவரிடம் காட்டச் சொன்னவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

கண்ணின் உள்நீர் வடிவதற்காக அந்த அறுவையில் மேல் இமைக்கு அடியில் அமைக்கப்பட்ட கொப்புளத்தில்தான் தொற்று. தெளிவாக இருந்த அது பால் கலந்தாற்போல் வெளுத்திருக்க, சுற்றிலும் இரத்தச் சிவப்பு. ஃபுளோரசீன் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தபோது, நீர் மெல்லிய கோடாகக் கசிவதைத் திரையில் நானே கண்டேன். வடிகால் தழும்பேறி அடைபடாதிருக்க அறுவையின்போது இடப்படும் மைட்டோமைசின் என்ற மருந்து, நாளடைவில் கொப்புளத்தின் சுவரை மெலியச் செய்யக்கூடும் என்றும், கசிவு ஏற்பட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் பல ஆண்டுகள் கழித்தும் அவ்வழியே நுழையலாம் என்றும் மருத்துவர் விளக்கினார்.

தொற்று விழியின் உட்கூழுக்குப் பரவியிருந்தால் வான்கோமைசின், செஃப்டாசிடிம் ஆகிய கிருமிக்கொல்லி மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகச் செலுத்த வேண்டியிருந்திருக்கும். பார்வை மீளும் என்ற உறுதியும் இல்லை. நல்லவேளையாக அது கொப்புளத்தோடு நின்றது. இரவிலும் விழித்திருந்து மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட்டோம்.

அரிதான சிக்கல்தான். ஆயினும், சிவப்பு, வலி, பீளை, பார்வை மங்கல் ஆகியவை எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் அவசரம் என்பதை அறுவை முடிந்த நாளிலேயே எங்களுக்கு எழுதித் தந்திருக்க வேண்டும். இன்று சிவப்பு வடிந்துவிட்டது. கசிவை அடைக்கத் தையல் தேவையா என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.